ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு

“மாசாமாசம் இந்த ஓடிடிக்குப் பணம் கட்டுறீங்களே அத்தை, இதுல ஒரு படமாவது முழுசா பார்த்திருக்கீங்களா?” மாப்பிள்ளை ரிமோட்டைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“காலையில போட்டு முதல் பக்கத்தைப் பார்ப்பேன். அது போதும்.”

“நல்ல கூத்து! ஓட்டலுக்குப் போய் மெனு கார்டை மட்டும் படிச்சிட்டு வர்ற மாதிரி.” சிரித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “அத்தை! உங்க பாஸ்வேர்டுல வேற எவனோ ஓசியில படம் பார்க்கிறான்!”

மாமியார் ரிமோட்டை வாங்கக் கை நீட்டினார். “பார்த்துட்டுப் போகட்டும், விடுங்க மாப்பிள்ளை.”

“அதெப்படி? ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதான்னு கம்பெனிக்காரன் சட்டம் போட்டுட்டான். கூடுதலா பணம் கேப்பான்.”

“கேட்டா கட்டிடறேன். நீங்க எதுவும்...”

“முடிஞ்சிடுச்சு! வெளியே தள்ளி, பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. திருட்டுப் பய இனி எட்டிக்கூடப் பார்க்க முடியாது.”

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“திருடன் இல்ல மாப்பிள்ளை. என் பிள்ளை.”

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன மச்சானை, மாப்பிள்ளை ஃபோட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

“ஃபோன் கிடையாது, விலாசம் கிடையாது. அவன் பாதியில விட்ட படம் முதல் பக்கத்துல வரும். அது மாறிக்கிட்டே இருந்தா, பிள்ளை எங்கேயோ நல்லா இருக்கான்னு நினைச்சுப்பேன்.”

“ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதா? இதோ, பழைய பாஸ்வேர்டையே வெச்சிடறேன். திரும்ப உள்ளே வந்துடுவார்.”

“வரமாட்டான். அன்னைக்கு அப்பா வெளியே போடான்னார், போயிட்டான். இன்னைக்கு அம்மாவும் சொல்லிட்டாள்னு நினைச்சுப்பான்.”