சின்ன டிரம்மே போதும்

"இடம் இல்லைன்னா இல்லதான் டெஸ். அந்த ராட்சசனைக் கொண்டுபோய் எங்க வைப்ப, என் தலையிலயா?"

நோலீன் என் கடை நடுவில் நின்று கத்தினார். யீஸ்ட் வாங்க வந்த இரண்டு பேர் அலமாரியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை என்னுடையது. இந்த டெவன்போர்ட் ஊரில் டெஸ்ஸைவிடப் பழைய வாடிக்கையாளர் எனக்குக் கிடையாது. மனிதர் பீர் பாட்டில் இல்லாமல் யார் வீட்டுக்கும் போனதே இல்லை, சாவு வீடு உட்பட. போன வாரம், அவர் பீரைப் புளிக்கவைக்கும் பிளாஸ்டிக் டிரம் கைப்பிடி உடைந்து, நிறைய பீரோடு தரையில் விழுந்து பிளந்துவிட்டதாம். புதுசு வாங்க மனைவியோடு வந்திருந்தார்.

வந்ததும் நேராகப் போய் நின்ற இடம், ஜன்னலோரம் பளபளத்த ஸ்டீல் டிரம். மூன்று கால், கீழே கூம்பு, வாய் நெஞ்சு உயரத்தில். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

"துணி துவைக்கிற ரூம்ல, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல வச்சுக்கறேன்," என்றார் டெஸ்.

"அப்புறம் நான் எப்படி உள்ள போறது? ஜன்னல் ஏறிக் குதிச்சா? நாம இருக்கறது சின்ன ஃபிளாட்டுப்பா, பண்ணை வீடு இல்ல."

"ஆயுசுல ஒரு தடவை நல்ல சாமானா கேக்கறேன்."

"கேட்டுட்ட இல்ல? முடியாது."

சமாதானம் செய்வதாக நினைத்து நான் வாயைக் கொடுத்தேன்.

"இந்த அழுத்த டிரம்மைப் பாருங்களேன். சின்னது, ஒரு மூலையில உக்காந்துக்கும். அடுப்புல இருக்கற பானையிலேர்ந்து சாறு குழாய் வழியா தானா இறங்கிடும். பீர் ஆனதும் கேஸ் தள்ளித் தானா பாட்டிலுக்கு ஏறிடும். தூக்கற வேலையே இல்ல."

டெஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. "தூக்க முடியாத கிழவன் எவனாவது வருவான். அவன்கிட்ட வித்துக்கோ."

"தூக்கறதப் பத்தி இங்க யாரும் பேசல," என்று நோலீன் வெடுக்கென்று குறுக்கே விழுந்தார். "இடத்தப் பத்திதான் பேச்சு. சின்னது வாங்கு, போலாம்."

"அப்படின்னா எனக்கு எதுவும் வேண்டாம். காய்ச்சறதையே விட்டுடறேன். நாள் பூரா டிவி முன்னாடி உக்காந்து கொட்டாவி விடறேன். திருப்திதானே உனக்கு?"

 நோலீனின் முகத்தில் ரத்தமே இல்லை. பீர் காய்ச்சாத டெஸ்ஸை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்போதாவது நோலீன் இறங்கி வருவார் என்று பார்த்தேன்.

"விட வேண்டாம்." குரல் நடுங்கியது, ஆனால் ஆள் அசையவில்லை. "சின்னதுல காய்ச்சு. பெரிசுக்கு இடம் இல்ல."

டெஸ் அவரையே முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னதையே கட்டு, கிரெய்க். எங்க வீட்டுல யாரு ராஜான்னு பாத்துக்கிட்ட இல்ல?" என்றபடி சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாஷிங் மெஷின் பக்கத்துல ஒரு மூலை. அதைக்கூட அந்த மனுஷனுக்குத் தரமாட்டீங்களா? அதுவும் நாலு பேர் பாக்க…"

நோலீன் கோபப்படவில்லை.

"இடம் இருக்கு, கிரெய்க். என் தையல் மெஷினை எடுத்துட்டா இதுல ரெண்டு வைக்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பழைய டிரம்மோட கைப்பிடி உடையவே இல்ல. குப்பைத் தொட்டியில போட்டிருந்தான், நான் எடுத்துப் பாத்தேன். அது நல்லாத்தான் இருக்கு, அவன் கைதான் பிடிக்க மாட்டேங்குது. இப்பல்லாம் டீ கப்பையே ரெண்டு கையால பிடிக்கறான். இந்த ஸ்டீலுக்கு முழுப் பானையையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி ஊத்தணுமே. முதல் தடவை முடியாம போச்சுன்னா அன்னியோட எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவான். அதுக்கு நான் ராட்சசின்னு பேர் வாங்கிக்கறேன். நீ வாயைத் திறந்துடாதே."

பணத்தைக் கொடுத்துவிட்டு, கணவரின் கோபத்தைத் தணிக்க ஒரு வெனிலா ஸ்லைஸ் கேக் வாங்க எதிர் பேக்கரிக்குப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டெஸ் உள்ளே வந்தார். ஸ்டீல் டிரம் பக்கம் அவர் கண்கூடப் போகவில்லை.

"பெட்டியை நீயே கார்ல வச்சுடு, கிரெய்க்."

"வைக்கறேன். ஸ்டீலை நினைச்சு மனசை விட்டுடாதீங்க டெஸ்."

"அது யாருக்கு வேணும்?" வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். "எங்க சரின்னு சொல்லித் தொலைச்சிடுவாளோன்னு பயந்தே போயிட்டேன்."

"என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நானா வந்து சின்னது போதும்னு கேட்டேன்னு வை, என் கை போச்சுன்னு அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிருப்பா. அப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது? இப்ப சண்டையில ஜெயிச்ச தெம்போட வீட்டுக்கு வருவா."

பேக்கரி வாசலில் பொட்டலத்தோடு தெருவைக் கடக்கக் காத்திருந்த மனைவியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.