காலி ஜீப்பில் ஓர் இடம்

காலி ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி நான் எடுத்த வீடியோ அது. வி.ஆர். கண்ணாடி மாட்டியவர் அடுத்து எங்கே பார்ப்பார் என்று என் கடைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே திரையில் சிவப்புப் புள்ளி வைக்கும்.

ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போகும் கற்பகம் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு விரிந்தது. புள்ளியோ பக்கத்துக் காலி சீட்டில் போய் நின்றது. அக்காவும் அங்கேயே திரும்பி, என் கடைப் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏறு ஆத்தா, வெரசா!"

அடுத்து, அக்காவோடு தோட்டத்துக்குப் போகும் தேவி. அதே வளைவு, அதே புள்ளி. அவளும் நகர்ந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அப்படி என்னதான் இருக்கிறதென்று நானே மாட்டினேன். சீட்டில் யாருமில்லை. ஆனாலும் நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் பெஞ்சு அமுங்கியது.

"இன்னுங் கொஞ்சம் தள்ளு தம்பி," என்றார் அக்கா. "அந்த ஆத்தா தாட்டியான ஆளு."