மூடிக்குள் எழுதிய தேதி

ஊரில் ரீசார்ஜ் விளக்கு விற்கிறவர்களுக்கு வெளிச்சம் வந்தால் போதும். நான் வடிவமைத்த விளக்கில் மூளையும் இருந்தது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அடியில் ஒரு மீட்டர் காட்டும். திண்டுக்கல்லில் வேறு எவனுக்கும் இதைச் செய்யவும் தெரியாது, ரிப்பேர் பார்க்கவும் தெரியாது. என் மகள் ஏஞ்சலின் பக்கத்தில் வந்து நின்றாலே, "ஏழாப்புக் கணக்கே வரல, இதுல இது வேறயா?" என்று விரட்டிவிடுவேன்.

2008 ஆகஸ்டில், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கிற பொன்னழகு விளக்கைத் திரும்பக் கொண்டுவந்தாள். வாங்கிப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"வெளிச்சம் மங்குதுண்ணே."

"தண்ணிக்குள்ள போட்டிருப்ப. அம்புட்டுத்தான் உங்க அறிவு."

மீட்டர் 4,312 மணி நேரம் என்றது.

"இதையும் நோண்டியாச்சா?"

"நான் எதையும் தொடலண்ணே."

மூடியைக் கழற்றினேன். ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் மூடியின் உள்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்திடுவது என் வழக்கம். இதில் நான்கு தேதிகள் இருந்தன. 2009, 2010, 2011 மூன்றும் என் கையெழுத்து. 2012-க்குக் கீழே, பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில், ஏஞ்சலின் என்று இருந்தது.

"செத்த நேரத்துல ஆயிருமாண்ணே?" என்றாள் பொன்னழகு.

நான் உள்ளே இருந்த ஈயப் பற்றுகளைப் பார்த்தேன். மூன்று பழையவை. நான்காவது புதிது. என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.