காக்கரட்டான்

டாக்டர் ஒரு தாளை நீட்டிச் சுருள் வரையச் சொன்னார். திருமலையின் கோடு நடுங்கி நடுங்கி முள்கம்பி போல வந்தது. கூட வந்திருந்த சௌந்தரம் ஆர்வம் தாங்காமல் தானும் வரைந்து பார்த்தாள். ஜிலேபி பிழிந்தது போல வழுவழுவென்று இருந்தது. அவர்கள் இரட்டைப் பிள்ளைகள்.

"ஒரே வயித்துல கெடந்தோம். இவளுக்கு மட்டும் இந்த வியாதி எப்படி வரல, டாக்டர்?" என்றான் திருமலை. பொறாமை இல்லை, வியப்புதான்.

"பார்க்கின்சன் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். பொம்பளைங்க மூளை செல்லை ஏதோ ஒண்ணு காவல் காக்குது. அது என்னன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. ஆமா, உங்களுக்கு வாசனை தெரியுதா?"

திருமலை யோசித்தான். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே அது போயிருந்தது.

"நெறைய பேருக்கு மொதல்ல போறது அதுதான்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "அந்தக் காவக்காரனை எங்கிட்டயும் கொஞ்சம் அனுப்பி வையேன்," என்றான். சௌந்தரம் சிரித்துக்கொண்டே வாசலில் ஒரு முழம் மல்லி வாங்கினாள். மோந்து பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஏம்மா, மல்லின்னு சொல்லிக் காக்கரட்டானைத் தள்ளிவிடுறியா? வாசமே இல்ல."

"என்னக்கா இப்பிடிச் சொல்றீங்க? தெருவே மணக்குது!" என்றாள் பூக்காரி.

சௌந்தரம் மறுபடி மோந்தாள். பிறகு, யாரிடம் நீட்டுகிறோம் என்பதை மறந்து, அண்ணனிடம் நீட்டினாள். "நீயே மோந்து பாரு."

திருமலை நடுங்கும் கையில் பூவை வாங்கி வெகுநேரம் மூக்கில் வைத்திருந்தான்.

"காக்கரட்டானேதான்," என்றான்.