ஒரே ஒரு 'இல்லை'

"பாய், ஒத்தச் செருப்பு மட்டும் குடுப்பீங்களா?"

கேட்டுவிட்டு முகேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டான். சட்டைக்குள் வியர்வை ஓடியது. பேகம்பூரில் இந்தச் செருப்புக் கடையில் கூட்டமே இருக்காது என்றுதான் இங்கே வந்திருந்தான்.

கடைக்காரர் நைனா முகமது ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொண்டையில் முள் சிக்கியவர் போல எச்சிலை விழுங்கினார். பிறகு கேட்டார்:

"எந்தக் கால் தம்பி? வலதா, எடதா?"

முகேஷுக்கு அழுகை வராத குறைதான். பாதி விலையைக் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாத ஒரு வலது கால் செருப்போடு வெளியே வந்தான்.

அவனுக்கு வேண்டியது செருப்பு இல்லை. ஒரே ஒரு 'இல்லை'.

அறியாத முகத்தைக் கண்டால் அவனுக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. கடையில், பஸ்ஸில், காலேஜ் ஆபீசில் என்று எல்லா இடத்திலும் அவனுக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவாள். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவன் பேச்சும் அவளோடு போயிற்று. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் இன்டர்வியூவுக்குப் போய், பேரைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடி வந்துவிட்டான். அதே மில்லில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை.

மனநல டாக்டர் அன்புக்கரசி நிதானமாகச் சொல்லியிருந்தார்: "இது வியாதிதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை படபடப்பக் கொறைக்கும். மிச்சத்துக்கு வீட்டுப்பாடம் தாரேன். ஏதாச்சும் கடைக்குப் போயி ஏடாகூடமா எதையாவது கேளு. அவங்க இல்லன்னு சொல்லணும். சொன்னதும் வானம் இடிஞ்சு தலையில விழுதான்னு பாத்துட்டு எனக்கு போன் பண்ணு."

செருப்பு வாங்கிய மறுநாள் முகேஷ் அதே கடைப்படி ஏறினான்.

"பாய், கருவேப்பிலை இருக்கா?"

நைனா முகமது மறுபடி வாயெடுத்தார், மறுபடி விழுங்கினார். "நஸீரா, வீட்டுல கருவேப்பிலை கெடக்கா பாரு" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ஒரு கொத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"செருப்புக் கடையில கருவேப்பிலை கேக்குறவனை இன்னைக்கித்தான் பாக்குறேன். எடுத்துக் குடுக்குறவரை நிக்காஹ் ஆன நாள்லருந்து பாக்குறேன்."

"போதும், உள்ள போ."

"போறேன். கேக்குறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு ராவெல்லாம் முழிச்சுக் கெடக்குறது யாராம்?"

அடுத்த நாள் முகேஷ் இன்னும் துணிந்தான்.

"பாய், உங்க கடையில செத்த நேரம் படுத்துக்கிறவா?"

இதற்கு எந்தக் கடைக்காரரும் விரட்டித்தான் விடுவார். நைனா முகமது நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாய் விரித்தார். தலைக்கு ஒரு செருப்புப் பெட்டியும் வைத்தார். மாத்திரைச் சோர்வோ என்னவோ, முகேஷ் நிஜமாகவே தூங்கிப்போனான். எழுந்தபோது பக்கத்தில் டீ இருந்தது.

"சக்கரை போதுமா தம்பி?" என்றார் அவர்.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்த மனுஷரிடம் ஒரு 'இல்லை' வாங்காமல் விடுவதில்லை என்று அவனுக்கு ஒரு வீம்பே வந்துவிட்டது. ராத்திரி படுக்கும்போதுகூட இன்டர்வியூவை மறந்து, நாளைக்கு என்ன கேட்கலாம் என்றே யோசித்தான்.

சனிக்கிழமை. கண்ணை மூடாமலே கேட்டான்.

"பாய், வெளிய மாட்டியிருக்க போர்டு எனக்கு வேணும்."

"எது?"

"உங்க கடைப் போர்டுதான். கழட்டிக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

நைனா முகமது அவனையே பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து வெளியே போட்டார். முகேஷ் பின்னாலேயே ஓடினான். கொடுத்தே விடுவாரோ?

நஸீரா உள்வாசலில் வந்து நின்றாள்.

ஸ்டூலில் ஏறியவர் போர்டின் ஆணியில் கை வைத்தார். 'இஷாக் செருப்புக் கடை' என்று இருந்தது. அதில் படிந்த தூசியை விரலால் துடைத்தார். மெதுவாக இறங்கினார்.

"இல்லப்பா."

"என்ன பாய்?"

"இல்ல. தர முடியாது. அது எங்க அத்தா பேரு, அவரு வச்ச கடை."

வானம் இடிந்து விழவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது. எதிர்க்கடையில் யாரோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். முகேஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப தேங்க்ஸ் பாய். இத யாருக்கும் குடுக்காதீங்க."

படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போனான். திங்கட்கிழமை மில்லில் வேலை இல்லை என்று சொன்னாலும் சொல்லட்டும், அதையும் உட்கார்ந்து கேட்டுவிட்டே வரலாம் என்று தோன்றியது. முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்து எண்ணை அழுத்தினான். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன்.

காத்திருக்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்தான். கடைக்குள் நைனா முகமது ஒரு கையால் முகத்தைத் துடைத்தபடி, மறு கையில் போனை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"அன்புக்கரசிம்மா, நைனா பேசுறேன். நீங்க குடுத்த வீட்டுப்பாடத்த முடிச்சுப்புட்டேன்மா. ஒருத்தங்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னது சரிதான், யாரும் கோவிச்சுக்கல. அந்தப் பய தேங்க்ஸ் சொல்லிட்டுல்ல போறான்."