எல்லையில் ஒரு கசிவு

பாலைநிலத்தில் எல்லைக் கம்பிவேலியை ஒட்டி ஓடும் கால்வாயில் விரிசல் விட்டிருந்தது. கடைமடைப் பருத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதில் கொத்தனார் செவத்தையனின் இரண்டு ஏக்கரும் அடக்கம். விரிசலை அடைக்க அவரையே அனுப்பினார்கள்.

கசிந்த நீர் வேலிக்கடியில் புகுந்து, அண்டை நாட்டு மணலை ஒரு பாத்தி அளவுக்கு நனைத்திருந்தது. அங்கே வெள்ளரி பிஞ்சு விட்டிருந்தது. அதன் பக்கத்தில் குந்தியிருந்த அந்த நாட்டுக்காரன் செவத்தையனின் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தான். பிறகு பிஞ்சுகளைப் பறிக்கத் தொடங்கினான்.

செவத்தையன் கையைக் காட்டித் தடுத்தார். முற்ற எத்தனை நாளாகும் என்று சைகையில் கேட்டார். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

மாலையில் மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்தார். “என்ன கொத்தனாரே, இன்னும் பூசலையா?”

“சிமெண்ட் கட்டி தட்டிப்போச்சுங்க. பூசினாலும் நிக்காது. புது மூட்டை வரணும்.”

“எப்ப வரும்?”

“பத்து நாளாகும்ங்க.”

மேற்பார்வையாளர் வேலிக்கு அப்பால் ஒருமுறை பார்த்தார். “அதுவரைக்கும் உங்க பருத்தி தாங்குமா?”

செவத்தையன், சுத்தமாக இருந்த கரண்டியைக் கால்வாயில் கழுவிக்கொண்டிருந்தார்.