வளையல் புதைக்கிற வழக்கம்

"அஞ்சு பேர் கட்டுரையில எழுதியிருக்காங்கம்மா. அவங்கள விட உனக்கு அதிகமா தெரியுமா?"

சோறு வடிச்சுக்கிட்டிருந்த அலமு திரும்பிக்கூடப் பாக்கல. இந்தக் கராச்சர்மா ஊருக்கு வீடு மாத்தி வர்றதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் ரங்கத் ஊர்ல குப்பை கொட்டினவ நான், அப்படி ஒரு வழக்கத்தைக் கண்ணால பாத்ததே இல்லன்னு சொல்லிட்டா.

மக உமா மகேஸ்வரி காலேஜுக்கு எழுதிக் குடுத்ததே அந்த வழக்கத்தைப் பத்தித்தான். ரங்கத் தமிழ்ப் பொம்பளைங்க தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி கண்ணாடி வளையலை உடைச்சு வாசப்படி ஓரமா புதைப்பாங்களாம். கடல் கொந்தளிக்காம இருக்கணுமாம்.

வைஜெயந்தி மேடம் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அஞ்சு பேர் எழுதினது சரி, மொதல்ல இதைப் பாத்தது யாரு, யாரு சொல்லிக் கேட்டாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சு எழுதிக் கொண்டா, இல்லன்னா ஜீரோதான்னுட்டாங்க. ஜீரோ வந்தா உமா ஃபெயிலு. சென்னையில எம்.ஏ.வுக்குக் கிடைச்ச சீட்டும் போயிடும்.

இன்னைக்கு வியாழக்கிழமை.

உமா லேப்டாப்பும் கையுமா உக்காந்தா. அஞ்சாவது ஆளு நாலாவது ஆளைப் பாத்து எழுதியிருக்காரு. நாலாவது ஆளு மூணாவது ஆளை. ஒருத்தர்கூட ரங்கத் பக்கம் எட்டிப் பாத்த மாதிரி தெரியல. கடைசியா, பதினாலு வருஷத்துக்கு முந்தின ஒரு ஆய்வறிக்கையில வந்து நின்னுச்சு. அதைத் தொறந்தா, நெட்டு சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.

அதுக்குள்ள அலமு பழைய கதையை எடுத்துட்டா. வளையலை யாராச்சும் உடைப்பாங்களா? உன்னை வயித்துல வச்சிருந்தப்ப வளைகாப்புக்குப் போட்ட வளையலை ஆறு வருஷம் துணியில சுத்தி வச்சிருந்தேன். அதைத்தான் ரங்கத்துல பக்கத்து வீட்டு சந்திரமதி தூக்கிட்டா. பிள்ளை இல்லாதவ, அந்த வளையலைப் போட்டா தனக்கும் தங்கும்னு எடுத்திருக்கா. தெருவே கேக்குற மாதிரி நல்லா நாலு கேள்வி கேட்டேன். ஒரு வார்த்தை பேசணுமே. அந்த மாசமே வீட்டைப் பூட்டிக்கிட்டு மெயின்லேண்டுக்குப் போயிட்டா. தப்பு பண்ணாதவ எதுக்குடி போறா?

நூறு தடவை கேட்ட கதை. உமா 'உம்' கொட்டினா. அறிக்கை தொறந்துச்சு.

"அம்மா, கிடைச்சிடுச்சு. இவரு நேர்லயே பாத்திருக்காரு."

அலமு கரண்டியோட வந்து நின்னா. "எங்கே, படி பாப்போம்."

உமா சத்தமாப் படிச்சா. ரங்கத்துல பஸ்ஸுக்குக் காத்திருந்தப்ப ஒரு வீட்டு வாசல்ல, உடைஞ்ச வளையலைத் துணியோட மண்ணுல புதைச்சுக்கிட்டிருந்தவரைப் பாத்தாராம். எதுக்குன்னு கேட்டதுக்கு, நாளைக்குக் கப்பல் ஏறப் போறோம், கடல் ஆடக் கூடாதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் செய்வோம்னு பதில் வந்துச்சாம். அதோட ஆய்வு முடிஞ்சது.

"எவடி அவ, ஊர் பேரைக் கெடுத்தவ? பேரு போட்டிருக்கா?"

பக்கத்தோட அடியில, சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. உமா லேப்டாப்பை மூடப் போனா. அலமு அதைப் புடிச்சு நிறுத்தி, குனிஞ்சு எழுத்துக் கூட்டிப் படிச்சா.

'தகவல் தந்தவர்: உமா மகேஸ்வரி, வயது ஆறு. தம் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.'